லேக் லூயிஸ் ஏரிக்கு ஒரு முழு நாள்: செட்டிநாட்டுப் பெற்றோருக்கான வழிகாட்டி

கனடாவில் குடியிருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவரக் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து கிளம்பும் பெற்றோருக்கு, பிள்ளைகள் ஆசையோடு காட்ட நினைக்கும் இடங்களில் ஒன்று ஆல்பர்ட்டா மாநிலத்தின் ராக்கி மலைகளுக்கு நடுவே இருக்கும் லேக் லூயிஸ். காடு சூழ்ந்த, பனியாற்று நீரால் நிறைகிற மலை ஏரி அது. போக வேண்டிய இடம்தான், ஆனால் போகும் முறையில் கவனம் வேண்டும். விடுமுறை குறைவாகக் கிடைக்கும் பிள்ளைகள் ஒரே நாளில் நான்கு ஏரிகள், இரண்டு அருவிகள் என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். அறுபதைக் கடந்த பெற்றோருக்கு அந்த நாள் வண்டியில் ஏறுவதும் இறங்குவதுமாகவே கழிந்துவிடும். ஒரே ஏரி, அதற்கு ஒரு முழு நாள் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த ஒரு நாளுக்கானவை. அவற்றில் பாதியை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செய்து முடிக்கலாம்.

இடத்தைப் பற்றி முதலில் அறிந்துகொள்ள வேண்டியவை

கனடாவின் முதல் தேசியப் பூங்காவாக 1885-இல் தொடங்கப்பட்ட பான்ஃப் பூங்காவுக்குள் லேக் லூயிஸ் இருக்கிறது. கால்கரி நகரத்திலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். நெடுஞ்சாலை நன்றாக இருப்பதால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பான்ஃப் ஊரில் தங்கினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். லேக் லூயிஸ் என்ற பெயரில் ஒரு சிற்றூரும் உண்டு. அது மலையடியில் இருக்கிறது, ஏரியோ அங்கிருந்து சில கிலோமீட்டர் மேலே இருக்கிறது. வழிகாட்டிச் செயலியில் ஊரின் பெயரைக் குறித்துவிட்டு, ஏரி எங்கே என்று கடைத்தெருவில் தேடுகிறவர்கள் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

மலை ஏரி என்றதும் மூச்சுத்திணறல் வருமோ என்ற அச்சம் பலருக்கு எழுகிறது. ஏரியின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,730 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே கொடைக்கானலில் சிரமமின்றி நடந்து பழகியவர்கள் ஏரியின் உயரத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. இதய நோயோ நுரையீரல் நோயோ இருப்பவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றித்தான். பூமத்திய ரேகையிலிருந்து வெகு வடக்கே, 51 பாகை அட்சரேகையில் இருப்பதால், ஜூலை மாத நண்பகலில் இருபது பாகை வெப்பம் இருந்தாலும் இரவிலும் விடியலிலும் ஐந்து பாகைக்கும் கீழே இறங்கிவிடும். கோடையின் நடுவிலும் சில நாள்களில் பனி தூறுவதுண்டு.

ஏரியின் நிறம் ஏன் அப்படி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால், எந்த மாதத்தில் போக வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும். ஏரியின் எதிர்க்கோடியில் நிற்கும் விக்டோரியா மலை 3,464 மீட்டர் உயரம் உடையது. அதன் சரிவில் ஆண்டுக்கணக்காகப் பெய்த பனி ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகர்கிறது. அதைத்தான் பனியாறு என்கிறோம். நகரும்போது அது அடியில் இருக்கும் பாறையை மாவுபோல் அரைத்துவிடுகிறது. கோடையில் உருகி ஓடிவரும் நீர் அந்தப் பாறை மாவைச் சுமந்துவந்து ஏரியில் சேர்க்கிறது. அதில் கனமான துகள்கள் அடியில் படிந்துவிட, மிக நுண்ணியவை நீரிலேயே மிதந்துகொண்டிருக்கும். சூரிய ஒளியில் இருக்கும் சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ள, நீலத்தையும் பச்சையையும் இந்தத் துகள்கள் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. மயில்கழுத்து நிறத்துக்கும் பாசிப்பச்சைக்கும் இடைப்பட்ட அந்த வண்ணத்தை முதன்முறை பார்க்கிறவர்கள், யாரோ சாயம் கலந்துவிட்டார்கள் என்றே எண்ணுவார்கள்.

உருகும் நீர் வந்தால்தான் நிறம் வரும். ஏரியின் மேல் உறைந்திருக்கும் பனிக்கட்டி பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில்தான் முழுமையாகக் கரைகிறது. ஜூலையும் ஆகஸ்டும் நிறம் முழுமையாகத் திரண்டிருக்கும் மாதங்கள். செப்டம்பர் பிற்பாதியில் கூட்டம் சற்றுக் குறையும். அப்போது மேல்மலைகளில் இருக்கும் லார்ச் மரங்களின் ஊசியிலைகள் உதிர்வதற்கு முன் பொன்னிறமாக மாறுகின்றன என்பதால் அந்தப் பருவத்துக்கும் தனிச் சிறப்பு உண்டு, ஆனால் குளிர் கூடிவிடும். நவம்பரில் ஏரி மறுபடியும் உறைந்துவிடும். முதன்முறையாகப் போகும் பெற்றோருக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு முடிய உள்ள காலத்தையே நான் பரிந்துரைப்பேன்.

பேருந்து இருக்கையை முன்பதிவு செய்தல்

கோடையில் ஏரிக்கரை வாகன நிறுத்துமிடம் விடியற்காலையிலேயே நிரம்பிவிடுகிறது, கட்டணமும் அதிகம். பெரியவர்களை அழைத்துக்கொண்டு நான்கு மணிக்கு எழுந்து ஓடுவதைவிட, பூங்கா நிர்வாகமான பார்க்ஸ் கனடா நடத்தும் பேருந்தில் போவதே சிறந்தது. நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் பனிச்சறுக்கு விடுதியின் பெரிய திடலில் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து பேருந்தில் ஏரிக்குப் போக வேண்டும். இருக்கையை இணையத்தில் முன்பதிவு செய்வது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். இருக்கைகளில் ஒரு பகுதியை வசந்த காலத்திலேயே திறந்துவிடுகிறார்கள். மீதி, பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு அந்த ஊர் நேரப்படி காலை 8 மணிக்குத் திறக்கப்படுவது அண்மை ஆண்டுகளின் வழக்கம். கோடை நேரக் கணக்கில் அது நமக்கு இரவு 7.30 மணி. ஊரில் இருந்தபடியே பிள்ளைகளுக்கு உதவ நினைக்கும் தம்பி தங்கைகள் இந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். விதிகளும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்த ஆண்டின் விவரத்தைப் பார்க்ஸ் கனடா இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பேருந்துச் சீட்டு வேறு, பூங்கா நுழைவுச் சீட்டு வேறு. ஒரு நாள் நுழைவுச் சீட்டு மறுநாள் மாலை 4 மணிவரை செல்லும். ஓராண்டுக்கான டிஸ்கவரி பாஸ் குடும்ப வகையில் எடுத்தால், ஒரே வண்டியில் வரும் ஏழு பேர்வரை அதில் அடங்குவர். ஒரு வாரமாவது மலைப்பகுதியில் இருக்கப்போகிறவர்கள் இரண்டையும் கணக்குப் பார்த்து எடுப்பது நலம்.

அருகில் இருக்கும் மொரெய்ன் ஏரியையும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பத்து சிகரங்கள் வரிசையாக நிற்கும் பள்ளத்தாக்கில் இருக்கும் அந்த ஏரி, பழைய இருபது டாலர் நோட்டில் அச்சிடப்பட்ட பெருமை உடையது. ஆனால் 2023 முதல் அந்தச் சாலையில் சொந்த வண்டிகளை விடுவதில்லை. பேருந்தில்தான் போக முடியும். உடம்பில் தெம்பு இருந்தால் அதற்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள்.

ஊரிலேயே செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம்

பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்த கால்கள் செட்டிநாட்டில் ஏராளம். நடக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. புதிதாகப் பழக வேண்டியது, காலணி போட்டுக்கொண்டு மேடு ஏறுவதும், அதைவிட முக்கியமாக, மேட்டிலிருந்து இறங்குவதும்தான். முழங்கால் வலி இறங்கும்போதுதான் தலைகாட்டும். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே, அடிப்பகுதி நன்கு பிடிமானம் தரும் காலணி ஒன்றை, தடித்த காலுறை போட்ட பின்பும் விரல் நெருக்காத அளவில் வாங்கிக்கொண்டு, தினமும் காலையில் அதையே அணிந்து நடக்க வேண்டும். வாரம் ஒருமுறை திருமயம் கோட்டைக்குப் போய்ப் பாறையிலும் படியிலும் ஏறி இறங்கிப் பழகலாம். குன்றக்குடி மலைக்கோயில் படிகளும் நல்ல பயிற்சிதான், ஆனால் அங்கே வெறுங்காலோடுதான் ஏறுவோம் என்பதால் காலணி பழகாது. புதுக் காலணியை விமானத்தில் போட்டுக்கொண்டு போய் இறங்கினால் முதல் நாளே குதிகால் கொப்பளித்துவிடும்.

உடையைப் பொறுத்தவரை ஒரே ஒரு தடித்த கோட்டைவிட, மெல்லிய பல அடுக்குகளே நல்லவை. உள்ளே தெர்மல் எனப்படும் ஒட்டிய உள்ளாடை, நடுவில் கம்பளிச் சட்டை, மேலே காற்றும் மழையும் புகாத அங்கி என்று வைத்துக்கொண்டால், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம், மேகம் மறைத்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பருத்தி நமக்கு உயிர் என்றாலும் அந்த இடத்துக்கு அது ஆகாது. வியர்வையிலோ தூறலிலோ நனைந்த பருத்தி உலராமல் உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கண்டாங்கிச் சேலையை மகள் வீட்டு விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேலையைத் தவிர வேறு உடுத்த மனம் ஒப்பாத ஆச்சிமார்கள், உள்ளே தெர்மல் கால்சட்டை போட்டு, எடை குறைந்த செயற்கை இழைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி உடுத்திக்கொண்டால் தாராளமாக நடக்கலாம். காதை மூடும் குல்லா, கையுறை, கறுப்புக் கண்ணாடி, வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவை அனைவருக்கும் தேவை. குளிராக இருக்கிறதே என்று அசட்டையாக இருந்தால், மலைக் காற்றில் வெயில் சுடுவது தெரியாமலே முகம் காந்திவிடும்.

கனடாவில் மருத்துவச் செலவு மிகக் கடுமையானது. காப்பீடு இல்லாமல் ஏரிக்கு மட்டுமல்ல, அந்த நாட்டுக்கே போக வேண்டாம். பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்கப் பெற்றோருக்குக் கனடா தரும் சூப்பர் விசாவில் போகிறவர்களுக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கான மருத்துவக் காப்பீடு விதியாகவே இருக்கிறது. சாதாரண விசாவில் போகிறவர்களும், தங்களுக்கு முன்பே இருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றுக்கு அந்தக் காப்பீடு பொருந்துமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கு, தேன்குழல், மாவுருண்டை, இட்லிப்பொடி ஆகியவற்றை நன்றாக உறையிட்டு எடுத்துச்செல்பவர்கள், கனடாவில் இறங்கியதும் சுங்கப் படிவத்தில் உணவுப்பொருள் இருப்பதை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை ஆகியவற்றை எடுத்துப்போகாதீர்கள்.

அந்த நாள்

முன்னிரவே உணவைத் தயார்செய்துவிடுங்கள். தயிர்ச்சோறு அந்தக் குளிரில் விறைத்துப்போகும், தொட்டாலே கை சில்லிடும். எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, சப்பாத்திச் சுருள், வெந்நீர்க் குடுவையில் சுக்குக்காப்பி அல்லது மிளகு ரசம் ஆகியவை பொருத்தமானவை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடும்படி சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ள வேண்டும். பொதுக் கழிப்பறைகளில் காகிதம்தான் இருக்கும் என்பதால் தனியாக ஒரு காலிப் புட்டியும் பையில் இருக்கட்டும்.

காலை எட்டு மணிக்குள் கரையில் இறங்கும்படி பேருந்தை முன்பதிவு செய்வது நல்லது. விக்டோரியா மலையின் பனிமுகம் கிழக்கு நோக்கி இருப்பதால் காலை வெயில் நேராக அதன்மேல் விழும். காற்று எழாத அந்த வேளையில் மலை முழுவதும் நீரில் தலைகீழாகத் தெரியும். வெயில் நன்றாக மேலேறிய பிறகு பிம்பம் கலைந்து, நிறம் ஆழமாகும். இரண்டும் வேறு வேறு அழகு. முழு நாள் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறங்கிய இடத்தில், பெரிய விடுதிக்கு எதிரே, கூட்டம் நெருக்கமாக இருக்கும். 1890-இல் ரயில் நிறுவனம் கட்டிய மரக்குடிலாகத் தொடங்கி இன்று மாளிகையாக நிற்கிறது அந்த விடுதி. பெரும்பாலானோர் அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அங்கே நிற்க வேண்டாம், ஏரியின் வலக்கரையை ஒட்டிப் போகும் பாதையில் நடக்கத் தொடங்குங்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், மேடே இல்லாத பாதை. தொடக்கப் பகுதி அகலமாகவும் சமமாகவும் இருப்பதால் சக்கர நாற்காலியைக்கூடத் தள்ளிச்செல்லலாம். கால் மணி நேரம் நடந்தாலே கூட்டம் மெலிந்து, ஸ்புரூஸ், ஃபர் முதலான ஊசியிலை மரங்களின் மணமும் நீர் கரையில் மோதும் ஓசையும் மட்டும் இருக்கும்.

பாதையின் முடிவுவரை போவது அவசியம். மலையிலிருந்து வரும் ஓடை ஏரியில் கலக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது. ஓடை நீர் சாம்பல் கலந்த பால்போல் வரும். அரைபட்ட பாறை மாவு வண்டலாகப் படிந்து மேடிட்டிருப்பதையும், அந்தக் கலங்கல் சிறிது தூரத்திலேயே நீலமாக மாறுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். பேரப்பிள்ளைகளுக்குப் பனியாறு என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல இடம் இல்லை. அருகில் எழும்பி நிற்கும் செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி ஏறுபவர்களையும் காணலாம். போய்வர, உட்கார்ந்து எழுந்து, இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நடையே நிறைவாக இருக்கும்.

அதற்குமேல் தெம்பு இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏரியின் மறுபக்கக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் ஏறிப்போகும் ஃபேர்வியூ பார்வையிடம். நூறு மீட்டர் ஏற்றம்தான் என்றாலும் செங்குத்தாக இருக்கும். மற்றொன்று, ஆக்னஸ் ஏரிக்கரையில் இருக்கும் தேநீர் விடுதி. அது மூன்றரைக் கிலோமீட்டர் தூரம், நானூறு மீட்டர் ஏற்றம். 1905 முதல் தேநீர் வழங்கிவரும் அந்த மரவீட்டுக்கு வண்டிப்பாதை கிடையாது. ஏறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, வழியில் மிரர் லேக் என்ற சிறு குளத்தின் கரையில் இளைப்பாறி, அங்கே உடம்பின் நிலையைப் பார்த்து மேலே போவதா திரும்புவதா என்று முடிவு செய்யலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டு கைத்தடிகள் இல்லாமல் இந்த ஏற்றத்தைத் தொட வேண்டாம். பிள்ளைகள் மேலே போய்வரட்டும், நீங்கள் கரையில் உட்கார்ந்திருங்கள். அதில் எந்த இழப்பும் இல்லை.

நீரும் காடும் உயிர்களும்

கோத்தமங்கலத்து ஆச்சி ஒருவர் கிளம்பும் முன் என்னிடம், “அந்தத் தண்ணியில காலை நனைச்சுக் கும்பிட்டுட்டு ஒரு பூப் போடலாமாப்பா?” என்று கேட்டார். நீரைக் கண்டால் தொட்டு வணங்கத் தோன்றுவது நம் இயல்பு. ஆனால் செட்டிநாட்டில் குடிநீர் ஊருணியில் நாம் காலை வைப்பதில்லை, பாத்திரம் கழுவுவதில்லை, துணி துவைப்பதில்லை. இந்த ஏரியையும் அப்படிப்பட்ட ஊருணியாகவே நினைத்துக்கொண்டால், பூங்காவின் விதிகளில் பாதியை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூவோ காசோ போடக் கூடாது, சாப்பிட்ட கையை அதில் கழுவக் கூடாது. கூழாங்கல், பூ, மரக்காய் எதையும் நினைவுக்காக எடுத்துவருவதும் சட்டப்படி தவறு. நீர் கோடையிலும் பனிக்கட்டியின் குளிரை ஒட்டியே இருப்பதால், தவறி விழுந்தால் நீந்தத் தெரிந்தவர்களுக்கும் மூச்சு அடைத்துக் கை கால் விறைத்துவிடும். கரையோரப் பாறைகளில் குழந்தைகளைத் தனியே விடக் கூடாது. படகில் போக விரும்பினால் கரையில் வாடகைக்குக் கிடைக்கும், கட்டணம் மிக அதிகம். உயிர்காப்பு அங்கியைக் கடைசிவரை கழற்றாமல் இருக்க வேண்டும்.

இந்தக் காடு கிரிஸ்லி கரடியும் கருங்கரடியும் வாழும் காடு. கூட்டம் நிறைந்த கரையில் அவை தென்படுவது அரிது. மேலே போகும் பாதைகளில் எச்சரிக்கை வேண்டும். நான்கைந்து பேராகச் சேர்ந்து, உரக்கப் பேசிக்கொண்டு நடக்க வேண்டும். ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் கரடி தானாக விலகிவிடும். கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பானை விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதால் அங்கேயே வாங்கி, பைக்குள் வைக்காமல் இடுப்பில் கைக்கெட்டும்படி கட்டிக்கொண்டு, அதைக் கையாளும் முறையைக் கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். கரடியைக் கண்டுவிட்டால் ஓடக் கூடாது. குழந்தைகளை நடுவில் விட்டு ஒன்றாக நெருங்கி நின்று, தணிந்த குரலில் பேசியபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். கரடி, ஓநாய் போன்றவற்றிடமிருந்து நூறு மீட்டரும், மான் வகைகளிடமிருந்து முப்பது மீட்டரும் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி.

பெரிய விலங்கைவிட, கரையில் ஓடித் திரியும் சிறிய தரை அணில்களிடம்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். அவை காலடியில் வந்து இரண்டு கால்களில் நிமிர்ந்து நின்று கேட்கும்போது ஒரு துண்டு முறுக்கு கொடுக்காமல் இருக்க மனம் வராது. கொடுக்கவே கூடாது. மனிதர் கையில் உண்டு பழகிய விலங்கு தன் இரையைத் தேட மறந்து, சாலைக்கு வந்து அடிபடுகிறது. அதுவே கரடியாக இருந்து மனிதரை நெருங்கப் பழகிவிட்டால், கடைசியில் அதைச் சுட்டுவிட நேரிடுகிறது. சட்டமும் இதில் கடுமையானது, அபராதம் இருபத்தைந்தாயிரம் டாலர்வரை போகலாம். உண்ட இடத்தில் ஒரு பருக்கையும் விடாமல், மிச்சத்தைக் கொண்டியிட்ட இரும்புக் குப்பைத்தொட்டியில் போட்டு மூட வேண்டும். மூடியின் பிடிக்கு உள்ளே கையைவிட்டு அமுக்கினால்தான் அது திறக்கும். உணவுப் பையைத் தரையில் வைத்துவிட்டு நகரவும் கூடாது.

திரும்புதல்

பிற்பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் பேருந்துக்கு நீண்ட வரிசை நிற்கும். நிற்க முடியாத பெரியவர்கள் இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஜூலையில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் பொழுது போனதே தெரியாது. மலைக்குள் கைப்பேசிச் சமிக்ஞை பல இடங்களில் கிடைக்காது. பிரிந்து நடப்பவர்கள் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று முன்பே வாய்ப்பேச்சில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அவசர உதவிக்கு எண் 911.

கார் எடுத்துத் திரும்பும் நெடுஞ்சாலையில், மரமும் புல்லும் வளர்ந்த அகலமான பாலங்கள் சாலைக்கு மேலே குறுக்காகப் போவதைக் காண்பீர்கள். அவை விலங்குகள் சாலையைக் கடப்பதற்காகவே கட்டப்பட்டவை. சாலையின் இருபுறமும் வேலி இருந்தாலும், பக்கச் சாலைகளில் வேலி கிடையாது. அந்தி நேரத்தில் மான்கள் திடீரென்று குறுக்கே வரும். மகனோ மருமகனோ களைத்திருந்தால் அன்றிரவு கால்கரிவரை ஓட்டச் சொல்லாமல், பான்ஃப் அல்லது கேன்மோர் ஊரில் தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்புங்கள். கோடையில் அறைகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடுவதால், விமானச் சீட்டு எடுத்த கையோடு அந்த ஓர் இரவுக்கான அறையையும் பதிவு செய்யச் சொல்லிவிட வேண்டும்.